கழுவாமல் எடுத்த கார்

புதுக் காரைக் கழுவாமலே கொடுப்பார்கள் என்று சூசை அதுவரை கேள்விப்பட்டதில்லை.

மலேசியாவில், சிரம்பான் நகரத்துக் கார்க் கடை ஒன்றின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கறுப்புக் கார் நின்றது. மேலெல்லாம் தூசி. போனட்டிலும் கூரையிலும் வெள்ளை பிளாஸ்டிக் ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் வேறு யாருக்கோ கொடுப்பதற்காக நின்ற சிவப்புக் கார் மட்டும் குளித்து முடித்து, தலையில் பெரிய ரிப்பன் வைத்துக்கொண்டு மினுமினுத்தது.

"என்னாடி இது? மூஞ்சி கழுவாத பொண்ணக் கொண்டாந்து நிறுத்தியிருக்கானுங்க" என்றார் சூசை.

"நான்தான்ப்பா கழுவாதீங்கன்னு சொன்னேன். சத்தம் போடாதீங்க" என்றாள் பெவர்லி.

பெவர்லி அவருடைய ஒரே மகள். செனவாங்கில் தொழிற்சாலை வேலை. அவர்கள் குடும்பத்தில் புதுக் கார் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு வந்த வாகனமெல்லாம் நாலாவது கை, ஐந்தாவது கை.

காரை விற்ற பையன் டேரன் சிரித்தான். "அங்கிள், மத்தவங்கல்லாம் கார கழுவலன்னு சண்டைக்கு வருவாங்க. ஒங்க மக கழுவினா சண்டைக்கு வருவேன்னு சொல்லிட்டாங்க லா!"

"எதுக்கு?"

பெவர்லி விளக்கினாள். "இங்க எல்லாக் காருக்கும் ஒரே வாளி, ஒரே துணிப்பா. அந்தத் துணியில மண்ணு இருக்கும். கறுப்பு பெயிண்ட்ல அத வச்சுத் தேய்ச்சா வெயில்ல பாக்குறப்ப சிலந்தி வலையாட்டம் கோடு கோடாத் தெரியும். சனிக்கிழம கோட்டிங் கடையில விடப்போறேன். அவங்களே பிளாஸ்டிக்க உரிச்சு, பக்குவமாக் கழுவி, மருந்து போட்டுக் கொடுப்பாங்க. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"நேத்து கழுவுற ஆளு வாளியத் தூக்கிட்டு வந்துட்டான், அங்கிள். நான்தான் வெரட்டி விட்டேன்" என்றான் டேரன். "இந்தக் கார என்னைத் தவிர ஒருத்தரும் தொடல."

அவன் இதைப் பெருமையாகத்தான் சொன்னான். சூசைக்குத்தான் அது வேறு மாதிரிக் கேட்டது. எவனாவது ஒரு பொருளை மூடி வைத்துக்கொண்டு 'நான் மட்டும்தான் தொட்டேன்' என்றால் அதைத் திறந்து பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பால் நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்ற கிராணி, தோட்டத்துக் கணக்கர், முதுகைக் காட்டிக்கொண்டு எடை சொன்னதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு அதிகம் சொல்லித் தரவில்லை. தராசு சொல்லித் தந்தது.

டேரனைச் சுற்றிச் சுற்றியே வந்தார். அவன் கதவைத் திறந்தால் எட்டிப் பார்த்தார். அவன் குனிந்தால் குனிந்தார். சுவா என்ற ஊரில் இருக்கிற அந்தோனியம்மாளின் மகன்தான் அவன். அந்தோனியம்மாளும் சூசையும் ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவர்கள். அது வேறு, கார் வேறு.

"ஒரு மூலைய மட்டும் உரிச்சுக் காட்டச் சொல்லு" என்று போனட்டை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

பெவர்லி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பலமாக இல்லை. ஆனால் சிவப்புக் கார் வாங்க வந்த குடும்பம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஐயோ, தொடாதீங்கன்னா தொடாதீங்கப்பா! ஒங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

பெவர்லி ஓட்ட, கோலா சாவாவில் இருந்த வீட்டுக்குப் புறப்பட்டார்கள். ஊர்த் திருப்பத்தில் சூசை வாயைத் திறந்தார். "உள்ள என்னமோ இருக்கு. எழுதி வச்சுக்க."

மறுநாள் பெவர்லி தொழிற்சாலை பஸ்ஸிலேயே வேலைக்குப் போனாள். கோட்டிங் போடும்வரை காரை வெளியே எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. வாசல் தகரக் கொட்டகைக்குள் கார் நின்றது. சூசையும் காரும் மட்டும்தான் வீட்டில்.

காப்பியைக் குடித்துவிட்டுச் சுற்றி வந்தார். இன்னொரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் சுற்றி வந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. போனட்டின் இடது பக்கம், பிளாஸ்டிக்குக்கு அடியில், சின்னதாக ஒரு வீக்கம். கொசு கடித்த மாதிரி. விரலால் அமுக்கினார். அமுங்கியது, திரும்ப எழும்பியது.

'மாட்டினான்' என்றது மனசு. அடிபட்ட காரைப் பூசி மெழுகி விற்றிருக்கிறான். அந்தோனியம்மாள் மகன்!

அந்த நேரத்தில் அவருக்கு வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். அதைப் பிற்பாடு நினைக்க நினைக்கத்தான் அவருக்கு உடம்பு கூசியது.

மூலையை நகத்தால் நெம்பினார். பிளாஸ்டிக் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். பாதி போனட் திறந்துகொண்டது. அடியில் ஒன்றுமே இல்லை. வீக்கம் வெறும் காற்று. கறுப்பு பெயிண்ட் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கிடந்தது, அதற்குள் அவருடைய முகம் தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்ற கிழட்டு முகம்.

சரி, ஒன்றும் இல்லை, மூடிவிடலாம் என்று குனிந்தபோது பசையைப் பார்த்தார். பிளாஸ்டிக் மடிந்து ஒட்டியிருந்த இடத்தில் விரல் அகலத்துக்கு மங்கலாக ஒரு கோடு, அதில் பிசுபிசுவென்று தூசி. அதுவரை இல்லாத பயம் அப்போது வந்தது. நாளைக்கு உரிக்கும்போது இதைப் பார்த்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்துபோகும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

பனியனின் ஓரத்தால் துடைத்தார். போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தார். பசை இழுபட்டு இன்னும் பரவியது. கொல்லைப்பக்கம் போனார். பாத்திரம் தேய்க்கிற இடத்தில் தேங்காய் நார்ப் பந்து கிடந்தது. அந்தக் காலத்தில் பால் வாளியில் காய்ந்துபோன பாலை அவர் அப்படித்தான் எடுப்பார். நாரைச் சவர்க்காரத்தில் நனைத்து, வட்டம் வட்டமாக, அழுத்தாமல், பொறுமையாக. பால் நிறுக்கிற ஸ்டோரில் அவருடைய வாளிதான் எப்போதும் வெள்ளிப் பாத்திரம் மாதிரி இருக்கும். வெள்ளைக்கார துரை ஒருதரம் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

அப்படியே செய்தார். வட்டம் வட்டமாக, அழுத்தாமல், பொறுமையாக. பசை போயே போய்விட்டது. தண்ணீர் ஊற்றினார். பெயிண்ட் மின்னியது. அந்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அங்கே மட்டும் பளிச்சென்று இருக்கிறதோ என்று சந்தேகம் வந்து, திறந்து கிடந்த பாதி போனட்டையும் ஒரே சீராகத் தேய்த்துவிட்டார்.

துடைத்துக் காயவிட்டபோது தகர ஓட்டை வழியாக வெயில் விழுந்தது. சூசை பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். விளக்குமாற்றால் கூட்டிய மண்வாசல் மாதிரி, வளைவு வளைவாக, ஆயிரம் கோடுகள். சிலந்தி வலை.

அவர் ஓடவில்லை, கத்தவில்லை. பிளாஸ்டிக்கை எடுத்து மறுபடி ஒட்டினார். ரப்பர் ஷீட்டைச் சுருக்கமில்லாமல் விரித்த கை அது. நடுவில் உள்ளங்கையை வைத்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி, காற்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். முன்பு இருந்த வீக்கம்கூட இப்போது இல்லை. கம்பெனியில் ஒட்டியதைவிட அழகாக இருந்தது.

சாயங்காலம் பெவர்லி வந்து காரைப் பார்த்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோவமாப்பா? கையத் தட்டிவிட்டது தப்புதான். சாரிப்பா."

"அதெல்லாம் ஒன்னுமில்ல" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை கோட்டிங் கடையில் ஒரு சீனப் பையன் பிளாஸ்டிக்கை உரித்தான். சூசை வரமாட்டேன் என்றுதான் சொன்னார். பெவர்லிதான் சமாதானப்படுத்தி அழைத்து வந்திருந்தாள். பையன் கையில் பெரிய விளக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனட்டின் மேல் கொண்டுபோனான். நின்றான். விளக்கை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"மிஸ், இது யாரோ திறந்து தேய்ச்சிருக்கான் லா. தேய்ச்சிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கான்" என்றான் மலாயில். "ரொம்ப மோசமான துணி."

பெவர்லி குனிந்து பார்த்தாள். அவள் முகம் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்துப்போனது. நிமிர்ந்தவள் கடைக்காரனைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று சூசை நினைத்தார்.

"அப்பா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். "நீங்க சொன்னீங்களே. மொதல் நாளே சொன்னீங்க. மூடி வச்சிருக்கான், உள்ள என்னமோ இருக்குன்னு. நான்தான் ஒங்களத் திட்டினேன். எல்லாரு முன்னாலயும் கையத் தட்டிவிட்டேன்."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சூசையின் வாய் திறக்கவும் செய்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றது அந்த வாய்.

அவர் நினைத்துச் சொன்னதில்லை. எழுபது வருஷப் பழக்கம், தானாக விழுந்துவிட்டது. விழுந்த பிறகு எடுக்க முடியவில்லை. பெவர்லி அங்கேயே நின்று டேரனுக்குப் போன் போட்டாள். "என்னைத் தவிர ஒருத்தரும் தொடலன்னு பெருசாச் சொன்னியே டேரன், அப்ப நீதான தேய்ச்ச? தேய்ச்சிட்டு ஒட்டி வேற வச்சிருக்க. நம்ம ஆளுன்னு நம்பித்தான ஒன்கிட்ட எடுத்தேன்?" மறுமுனையில் அவன் சொன்னது சூசைக்குக் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோட்டிங் போடாமலே காரைத் திருப்பி எடுத்து வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பெவர்லி கார்க் கடை மேனேஜருக்குப் புகார் சொன்னாள்; பிறகு கோடுகளைப் படம் பிடித்து, டேரன் பேரையும் போட்டு, பழைய தோட்டத்து ஆட்களின் வாட்சப் குழுவில் போட்டுவிட்டாள். லிங்கியிலிருந்து கிள்ளான்வரை சிதறிப்போன எல்லோரும் அதில் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மூன்று பேர் சூசையின் தோளைத் தட்டினார்கள். பழைய லாரிக்கார மணியம் பூசைக்கு வருகிற ஆள் இல்லை. பெண்சாதியை இறக்கிவிட வந்தவன், அவனும் இறங்கி வந்து கையைக் குலுக்கினான். "சூசை கண்ணுக்குத் தப்புமாடா? கிராணியவே புடிச்ச ஆளு!"

"போடா" என்றார் சூசை.

"என்னா போடா? இந்தப் பொடியன் என்னா, இவன் முப்பாட்டன் வந்தாலும் ஒன்ன ஏமாத்த முடியுமா?"

நற்கருணை வாங்க எல்லோரும் வரிசையில் போனார்கள். சூசை எழுந்திருக்கவில்லை. கால் வலி என்று பெவர்லியிடம் சொன்னார். இரண்டு வரிசை முன்னால் அந்தோனியம்மாளும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். வரிசை நகர நகர, உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும் என்று ஆயிற்று. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் பூசைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்.

வாசலில் மறித்துக்கொண்டாள். "சூசண்ணே."

"சொல்லு அந்தோனியம்மா."

"நாளைக்கு ஒங்க மகள வரச்சொல்லியிருக்காராம் மேனேஜரு. அங்க வச்சு அவன வேலைய விட்டு எடுத்துருவாங்களாம். வீட்டுல சாப்பிட மாட்டேங்கறான், அண்ணே. வேலை போறதக்கூட விடுங்க. தோட்டத்து ஆளுங்க எல்லாம் நம்மளத் திருடன்னு நெனைக்கிறாங்களேம்மான்னு கேக்குறான்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க அவன் பக்கத்துலயே நின்னீங்களாமே. அவன் தொட்டதப் பாத்தீங்களா?"

"நான் என்னத்தக் கண்டேன்" என்றார் சூசை.

அதைச் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். கறுப்புக் கார் கோயில் மைதானத்தில் வெயிலில் நின்றது. பாதி போனட்டில் சூரியன் சிலந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு ஃபாதரிடம் கொடுத்துக் காரை மந்திரிப்பதாக இருந்தது. இந்த நிலைமையில் வேண்டாம் என்று பெவர்லி சொல்லிவிட்டாள். ஆசீர்வாதத் தண்ணீர் அதன் மேல் விழாமல் போனதில் சூசைக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"நாளைக்கு நீங்களும் வாங்கப்பா" என்றாள் பெவர்லி, வண்டியை எடுத்துக்கொண்டே. "மொதல் நாளே நீங்க சொன்னத மேனேஜர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா பொம்பளப் புள்ள கத்துதுன்னு நெனைப்பாங்க."

திங்கட்கிழமை காலையில் புறப்படும்போது சூசை கொல்லைப்பக்கம் போனார். நார்ப் பந்து அங்கேயே கிடந்தது. செய்தித்தாளில் சுற்றி, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சொல்லப்போகிறோமா என்று அவருக்கே தெரியாது. தூக்கியெறியத்தான் எடுத்தோம் என்றுகூட ஒரு பக்கம் நினைத்துக்கொண்டார். வழியில் ஆற்றுப் பாலம் வந்தபோது கண்ணாடியை இறக்கினார். பாலம் போய்விட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மேனேஜர் வயதான சீனர். மரியாதையானவர். எல்லோரையும் உட்காரச் சொன்னார். டேரன் மட்டும் உட்காரவில்லை. தாடி மழிக்கவில்லை, சட்டையை மட்டும் இஸ்திரி போட்டிருந்தான்.

மேனேஜர் மலாயில் பேசினார். போனட்டைக் கம்பெனியே சரிசெய்து தரும். கழுவுகிற ஆளைக் கேட்டாயிற்று, அவன் காரைத் தொடவில்லை, டேரன் விரட்டிவிட்டது உண்மை. வேறு யாரும் தொடவில்லை என்று டேரனே சொல்கிறான். அப்படியானால் தேய்த்தது அவன்தான், இல்லை தேய்த்தவனை அவன் மறைக்கிறான். இரண்டுக்கும் இங்கே வேலை கிடையாது.

பெவர்லி மேசையைப் பார்த்தாள். அவளுக்கும் அது பிடிக்கவில்லை என்று சூசைக்குத் தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினாள்.

"நான் ஒன்னு சொல்லலாமா, பாஸ்?" என்றான் டேரன். பிறகு தமிழில் சூசையின் பக்கம் திரும்பினான். "அங்கிள், அன்னைக்கு நீங்க என்னை ஒரு நிமிஷம்கூட விடல. நான் குனிஞ்சா குனிஞ்சீங்க. எனக்குக் கொஞ்சம் கோவம்கூட வந்துச்சு, என்னாடா இவரு இப்படி சந்தேகப்படுறாருன்னு. இப்ப அதுதான் எனக்கு மிச்சம். அந்தப் பிளாஸ்டிக் உரிச்சு ஒட்டுன பிளாஸ்டிக்கா இருந்திருந்தா ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். இல்லையா? தெரிஞ்சுதுன்னு நீங்க சொல்லுங்க, நான் பேசாம போயிருறேன். வேற யார் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன். நீங்க சொன்னா ஒத்துக்குறேன்."

இத்தனை வருஷத்தில் சூசையை யாரும் அப்படி நம்பியதில்லை. அவரும் யாரையும் நம்பவில்லை, அதனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. இப்போது இந்தப் பையன் வந்து அவருடைய சந்தேகத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறான்.

"சொல்லுங்கப்பா" என்றாள் பெவர்லி.

சூசை கையைப் பையில் விட்டார். செய்தித்தாள் பொட்டலத்தை மேசையில் வைத்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மேனேஜர் ஏதோ சாப்பாட்டுப் பொருள் என்று நினைத்து மரியாதைக்குச் சிரித்தார். பொட்டலம் மெல்ல அவிழ்ந்துகொண்டது.

"இது எங்க வீட்டு நாரு" என்றார் சூசை. "சட்டி தேய்க்கிறது. வெள்ளிக்கிழம இவ வேலைக்குப் போனதும் நான்தான் உரிச்சேன். நான்தான் தேய்ச்சேன். நான்தான் ஒட்டி வச்சேன்." "இந்தப் பையன் தொடல. பிளாஸ்டிக்ல ஒரு கொறையும் இல்ல. எங்கிட்டதான் கொறை."

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். டேரன் சொல்லவில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், தாடை மட்டும் அசைந்தது. கடைசியில் பெவர்லிதான் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக, மலாயில், வேறு யாரோ வீட்டு விஷயம் மாதிரி. கேட்ட மேனேஜர் நாரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு டேரனிடம் போய் வேலையைப் பார் என்றார்.

வெளியே வந்ததும் பெவர்லி காருக்குப் போகவில்லை. வெயிலில் நின்றாள். திட்டுவாள் என்று சூசை காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"கோட்டிங் கடையில வச்சு" என்றாள். "நான் ஒங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன்ப்பா. நீங்க வாங்கிக்கிட்டீங்க."



அவள் தன் கைப்பேசியைத் திறந்து, அந்தக் குழுவை எடுத்து, அவரிடம் நீட்டினாள். "நான் எழுதினா அப்பாவக் காப்பாத்த எழுதுறேன்பாங்க. இல்ல, அவனக் காப்பாத்த எழுதுறேன்பாங்க. நீங்களே பேசுங்க. எல்லாரும் கேக்கணும். மணியம் மாமா கேக்கணும். அந்தோனியம்மா ஆன்ட்டி கேக்கணும்."

போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

சூசைக்குப் போனில் பேசத் தெரியும். இந்த மாதிரிக் குரலை அனுப்பத் தெரியாது. கீழே ஒரு மைக் படம் இருந்தது, அதைத் தொட்டார். "நான் சூசை பேசுறேன்" என்றார். அதற்குள் ஏதோ சத்தம் வந்து நின்றுபோனது. மறுபடி தொட்டார். "நான் சூசை…" மறுபடி நின்றது. நெற்றியில் வேர்த்து ஒழுகியது. துண்டு துண்டாகப் போய் விழுந்த குரலுக்குக் குழுவில் யாரோ அதற்குள் கேள்விக்குறி போட்டார்கள். என்னவென்று அவருக்குப் படிக்க வரவில்லை.

பக்கத்தில் நிழல் விழுந்தது. டேரன். கையில் யாருடைய காருக்கோ கட்டப்போகிற ரிப்பன். அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தான்.

"தம்பி" என்றார் சூசை.

"வெரல எடுத்தா கட்டாயிரும்" என்றான் டேரன். 'அங்கிள்' என்று சொல்லவில்லை. அவருடைய கட்டைவிரலைப் பிடித்து அந்தப் படத்தின் மேல் வைத்தான். மரம் வெட்டி வெட்டித் தடித்துப்போன விரல் கொஞ்சம் வழுக்கியது. திரும்பவும் நேராக வைத்தான். "அமுக்கியே புடிங்க. பேசி முடிக்கிறவரைக்கும் எடுக்காதீங்க."

கையை விட்டுவிட்டு, ரிப்பனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சூசை அமுக்கிப் பிடித்தார். எதிரே கறுப்புக் கார் வெயிலில் நின்றது, கோடுகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கண்ணாடிக்குப் பின்னால் பெவர்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கோலா சாவா சூசை பேசுறேன்" என்றார். "அந்தோனியம்மா, மொதல்ல நீ கேளு."